திருகோணமலையில் மனிதவள அலுவலராகச் சேர்பவருக்கு: முதல் ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை

நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் மனிதவள அலுவலராகச் சேர்ந்த அன்று என் கையில் மூன்று சாவிகளைத் தந்தார்கள். ஒன்று அலுமாரிக்கு, ஒன்று சில்லறைக் காசுப் பெட்டிக்கு, ஒன்று மேசை லாச்சிக்கு. அலுமாரியில் ஊழியர் கோவைகள் இருந்தன. லாச்சியில் இருபத்தாறு பதவி விலகல் கடிதங்கள் இருந்தன. எல்லாம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டவை. எல்லாவற்றிலும் கையொப்பம் இருந்தது. ஒன்றிலும் திகதி இல்லை.

“வேலைக்குச் சேரும் அன்றே வாங்கி வைத்துவிடுவோம், தங்கச்சி. பிறகு வசதியாக இருக்கும்,” என்றார் எனக்கு முன்னர் அந்த மேசையில் இருந்த அண்ணன். கிண்ணியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சமையலறை உதவியாளர் ஒருவர் தன் முழுப் பெயரையும் பாடசாலைக் கொப்பியில் எழுதுவதுபோல் குண்டு குண்டாகத் தமிழில் எழுதியிருந்தார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கு யாரும் வாசித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். நான் லாச்சியைப் பூட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். ஒக்டோபரில் ஆறு கடிதங்களில் திகதி போடச் சொன்னார்கள். போட்டேன். குண்டு எழுத்துக் கடிதமும் அந்த ஆறில் ஒன்று.

மனிதவள முகாமைத்துவப் பாடப்புத்தகங்களில் அறநெறி பெரும்பாலும் கடைசி அத்தியாயம். பரீட்சைக்கு முன்னர் வாசித்து முடிக்க நேரம் போதாமல் விடப்படுகிற அத்தியாயமும் அதுதான். வேலையிலோ அது முதல் நாளே மேசைக்கு வந்துவிடுகிறது: ஒரு திகதியாக, ஒரு கையொப்பமாக, ஒருவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாளாக. கோணேசபுரி வளாகத்தில் பட்டம் முடித்துவிட்டு வருகிறவர்களுக்கும், கணக்குப் பிரிவிலிருந்து “இனி நீங்களே எச்.ஆர். பாருங்கள்” என்று மாற்றப்பட்டவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொழும்பில் ஆள்சேர்ப்புக்கு ஒருவர், சம்பளத்துக்கு ஒருவர், பயிற்சிக்கு ஒருவர் இருப்பார்கள். இங்கே அநேக நிறுவனங்களில் அந்த மூவரும் நீங்கள்தான். ஓட்டோவுக்குக் காசு கொடுப்பதும் நீங்கள்தான்.

முதல் வாரம்: கோவைகளைத் திறந்து பாருங்கள்

எந்தப் புதுத் திட்டமும் போடாதீர்கள், யாருக்கும் எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். ஒரு கொப்பியை எடுத்து ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பெயர், வேலைக்குச் சேர்ந்த திகதி, நியமனக் கடிதம் இருக்கிறதா, எந்த மொழியில் இருக்கிறது, ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்) அங்கத்துவ இலக்கம், முதல் பங்களிப்பு கட்டப்பட்ட மாதம், எடுத்த லீவு, மிகுதி லீவு.

இந்த வரியில் இரண்டு இடங்களை ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்ந்த திகதிக்கும் முதல் பங்களிப்பு மாதத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? சட்டப்படி இடைவெளியே இருக்கக் கூடாது. நிரந்தரம், தகுதிகாண் காலம், நாட்சம்பளம், அமையம் என்ற பேதமில்லாமல் வேலைக்கு வந்த முதல் நாளிலிருந்தே ஈ.பி.எப். உரித்தாகிறது. “ஆறு மாதம் போகட்டும், நிற்கிறாரா பார்ப்போம்” என்ற வழக்கம் இந்த ஊரில் பரவலாக இருக்கிறது. வழக்கமாக இருப்பதால் அது சட்டமாகிவிடாது. பத்து கோவைகளில் ஏழில் ஆறு மாத இடைவெளி இருந்தால், நீங்கள் சேர்ந்திருக்கும் இடம் எப்படிப்பட்டது என்பது நேர்முகப் பரீட்சையில் கேட்டதைவிடத் தெளிவாகத் தெரிந்துவிடும்.

கோவைகளுக்குள் மூலச் சான்றிதழ்களோ தேசிய அடையாள அட்டைகளோ கிடந்தால், பிரதி எடுத்து வைத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். க.பொ.த. சான்றிதழைப் பணயமாக வைத்து ஆளைக் கட்டிவைப்பது வேலைக்கு வைத்திருப்பதில் சேராது.

திகதியில்லாத கடிதங்கள் அகப்பட்டால் என்ன செய்வது? நான் செய்ததைச் செய்யாதீர்கள். எத்தனை இருக்கின்றன, யார் யாருடையவை என்று பட்டியலிட்டு முகாமையாளருக்கு ஒரு குறிப்பு எழுதுங்கள். அவற்றால் நிறுவனத்துக்கே ஆபத்து என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. தான் விருப்பத்துடன் விலகவில்லை என்று ஊழியர் தொழில் நியாயசபைக்கு (வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் மன்றம்) போனால், ஒரே வாசகத்தில் ஆறு பேர் ஒரே நாளில் விலகியது எப்படி என்று அங்கே நின்று விளக்கப் போவது நீங்கள்தான்.

எந்தச் சட்டம் யாருக்கு

எல்லாச் சட்டத்தையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உங்கள் ஊழியர் எந்தச் சட்டத்துக்குக் கீழ் வருகிறார் என்பதை மட்டும் பிழையில்லாமல் பிரியுங்கள். கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். தொழிற்சாலை, கட்டட வேலை போன்ற பல தொழில்களுக்கு 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் நிர்ணயிக்கும் தனித்தனிச் சபைகள் உண்டு. விடுதி, உணவு வழங்கல் தொழிலுக்கும் ஒரு சபை இருக்கிறது. ஒரே நிறுவனத்தில் சீனன்குடாவில் பொறியோடு நிற்பவர் ஒன்றுக்குக் கீழும், நகரத்து அலுவலகத்தில் கணினியோடு இருப்பவர் மற்றதற்குக் கீழும் வரலாம். லீவுக் கணக்கும் மேலதிக நேரக் கணக்கும் இதனால் மாறும். சந்தேகம் வந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்துக்கு நேரே போய்க் கேளுங்கள். முறைப்பாடு வந்த பிறகு அங்கே போவதைவிட, கேள்வியோடு முன்கூட்டியே போய் முகம் தெரிந்துகொள்வது நல்லது.

கடை, அலுவலகச் சட்டத்தில் வேலை நேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி. அதற்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு ஊதியம். மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணியைத் தாண்டக் கூடாது. வாரத்துக்கு ஒன்றரை நாள் ஓய்வு. இந்த ஒரு பத்தியை உங்கள் விடுதியின் ஓகஸ்ட் மாத ரோஸ்டருக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏன் யாரும் மனிதவள அலுவலரிடம் ரோஸ்டரைக் காட்ட விரும்புவதில்லை என்பது புரியும்.

ஆள் எடுக்கும்போது: “எந்த ஊர்?”

திருகோணமலையில் முன்பின் தெரியாதவரைச் சந்தித்தால் முதலில் கேட்பது “எந்த ஊர்?” என்பதுதான். பஸ்ஸில் கேட்டால் அது மரியாதை. நேர்முகப் பரீட்சையில் கேட்டால் அது வடிகட்டி. கிண்ணியா என்றால் ஒரு சமூகம், சம்பூர் என்றால் இன்னொன்று, சேருவில என்றால் மற்றொன்று என்று கேட்டவருக்கு உடனே தெரிந்துவிடும். பிறகு அவர் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்குவார்: வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போவார், சமையலறையில் பன்றி இறைச்சி தொட மாட்டார், சிங்களம் தெரியாது, தமிழ் தெரியாது. வேலைக்குத் தேவையான எதையும் அந்தக் கேள்வி கண்டுபிடிப்பதில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிகிறவர் எப்படி வீடு போவார் என்பது நியாயமான கவலைதான். அப்படியென்றால் அதையே கேளுங்கள்: “இரவு ஒன்பது மணிக்கு முடியும் வேலை. வீடு திரும்ப வசதி இருக்கிறதா?” எல்லோரிடமும் அதே கேள்வியை அதே வார்த்தையில் கேளுங்கள். கேள்விகளை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி ஒதுக்கி, நேர்முகச் சபையில் இருக்கும் ஒவ்வொருவரும் தனித்தனியே புள்ளியிட்ட பிறகு கூட்டிப் பாருங்கள். சின்ன நிறுவனத்தில் இது அதிகப்படியாகத் தோன்றும். ஆனால் முதலாளியின் மைத்துனரின் மகன் விண்ணப்பித்திருக்கும் நாளில் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் புள்ளித் தாள் ஒன்றுதான்.

சுயவிபரக் கோவையில் இடைவெளி இருந்தால் இந்த மாவட்டத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒருமுறை நாற்பதை நெருங்கும் ஒருவர் மின்னியலாளர் வேலைக்கு வந்தார். 2006 முதல் சில ஆண்டுகளுக்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. என் பக்கத்தில் இருந்தவர், “அந்த நேரம் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டார். போரால் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்தவரிடம் கேட்கப்படும்போது அது சாதாரணக் கேள்வியாக இருக்காது. அவர் பதில் சொல்லாமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு சுற்று வரைபடத்தை நீட்டி, “இதில் பிழை எங்கே?” என்று கேட்டேன். அரை நிமிடத்தில் காட்டினார். அதற்கு மேல் அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிய வேண்டியது எதுவும் இருக்கவில்லை.

கர்ப்பம், திருமணத் திட்டம், பிள்ளை பெறும் எண்ணம் பற்றிக் கேட்காதீர்கள். வயதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பதினாறுக்குக் கீழ் யாரையும் எடுக்க முடியாது, “சும்மா உதவிக்கு வருகிறான்” என்றாலும் முடியாது. அடையாள அட்டையைப் பார்க்காமல் சமையலறைக்குள் யாரையும் விடாதீர்கள்.

நியமனக் கடிதம்

வேலைக்கு வரும் நாளிலேயே கொடுங்கள். பதவி, அடிப்படைச் சம்பளம், படிகள், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம், விலகல் அறிவித்தல் காலம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் கொடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய அநியாயம். யாரும் அதை அநியாயமாகவே நினைப்பதில்லை. தமிழ், சிங்களம் இரண்டிலும் வார்ப்புப் பிரதி ஒன்றைத் தயாரிக்க ஒரு நாள் போதும். ஒருமுறை செய்துவிட்டால் பெயரையும் தொகையையும் மாற்றினால் முடிந்தது.

கடிதத்தைக் கொடுத்து உடனே கையொப்பம் கேட்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு நாளைக்குத் தரட்டும். வாசிக்கச் சிரமப்படுகிறவரிடம் நீங்களே உட்கார்ந்து வாசித்துச் சொல்லுங்கள். அப்போதுதான் உங்கள் கடிதத்தில் எந்த வசனம் சட்டத்தரணிக்கு மட்டும் விளங்கும் என்பது உங்களுக்கும் தெரியவரும்.

சம்பளமும் ஈ.பி.எப்.பும்

மாதச் சம்பளத்தை அந்த மாதம் முடிந்து பத்து நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சச் சம்பளத்தை 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் 10,000 ரூபாயில் தொடங்கி வைத்தது. பிறகு அது பலமுறை உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆகவே பழைய கோவையில் இருக்கும் தொகையை நம்பாமல், நடைமுறையில் உள்ள திருத்தத்தைத் தொழில் திணைக்களத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் 30,000 ரூபாய், உணவுப்படி 5,000 ரூபாய். ஈ.பி.எப். எதன் மேல் கணக்கிடப்படும்? 30,000 என்று சொல்பவர்கள்தான் அதிகம். சரியான விடை 35,000. உணவுப்படியும் வாழ்க்கைச் செலவுப்படியும் சட்டம் சொல்லும் உழைப்பூதியத்துக்குள் வருகின்றன. மேலதிக நேர ஊதியம் வராது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியரிடமிருந்து 8 வீதம், அதாவது 2,800 ரூபாய். தொழில்தருநரிடமிருந்து 12 வீதம், அதாவது 4,200 ரூபாய். அதற்கு மேல் 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 1,050 ரூபாய். இந்தக் கடைசித் தொகையை முழுவதும் நிறுவனம்தான் கட்ட வேண்டும், ஊழியரின் சம்பளத்தில் கழிக்க முடியாது. எல்லாம் அடுத்த மாதத்தின் கடைசி வேலை நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் ஈ.பி.எப்.புக்கு மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும்.

தந்திரம் இதற்குள்தான் ஒளிந்திருக்கும். அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக்கி, மீதியைப் “ஊக்குவிப்பு”, “வரவுப்படி”, “விசேடப்படி” என்று பல துண்டாக உடைப்பார்கள். கையில் கிடைக்கும் தொகை மாறாததால் ஊழியர் கவலைப்பட மாட்டார். இருபது வருடம் கழித்து நிதியத்தில் இருக்கும் தொகையைப் பார்க்கும்போதுதான் கவலை வரும். அப்போது அந்தத் துண்டுகளை உடைத்த கணக்காளர் எங்கேயோ இருப்பார். உங்கள் முன்னால் அப்படி ஒரு சம்பளக் கட்டமைப்பு வந்தால், ஒவ்வொரு படிக்கும் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத முடியாத படி பெரும்பாலும் சம்பளமேதான்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு: ஊழியரின் 8 வீதத்தைக் கழித்துவிட்டு நிதியத்துக்கு அனுப்பாமல் விடுவது. “இந்த மாதம் கையில் காசு இறுக்கம்” என்பார்கள். அந்த 2,800 ரூபாய் நிறுவனத்தின் காசு அல்லவே. சம்பளச் சீட்டில் கழித்ததாக எழுதிக் கொடுத்தது நீங்கள். பங்களிப்புக் கட்டிய பற்றுச்சீட்டைப் பார்க்காமல் அடுத்த மாதச் சம்பளச் சீட்டை அச்சிடாதீர்கள் என்பது நான் பிந்திக் கற்றுக்கொண்ட பழக்கம்.

உடைந்த கண்ணாடிக் குவளை, காணாமல்போன துவாய், வாடிக்கையாளர் கட்டாமல் போன பில் ஆகியவற்றைச் சம்பளத்தில் வெட்டச் சொல்வார்கள். சட்டம் அனுமதிக்காத கழிவு எதையும் சீட்டில் ஏற்றாதீர்கள். சேவைக் கட்டணம் பகிரும் விடுதி என்றால், மொத்தம் எவ்வளவு வந்தது, எத்தனை பேருக்கு எந்த அடிப்படையில் பிரித்தது என்பதை மாதாமாதம் ஊழியர் சாப்பிடும் அறையின் சுவரில் ஒட்டுங்கள். முதல் மாதம் முகாமையாளர் முறைப்பார். மூன்றாம் மாதம் பாதி முணுமுணுப்பு நின்றிருக்கும்.

லீவும் பெருநாளும்

கடை, அலுவலகச் சட்டத்தில் முதல் வருடம் முடிந்த பிறகு வருடாந்த லீவு 14 நாள், அமைய லீவு 7 நாள். பிரசவ விடுமுறை 84 நாள்; 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்று எண்ணிக் குறைக்க முடியாது. கர்ப்பம் காரணமாக யாரையும் நீக்கவும் முடியாது. போயா தினத்தில் வேலை வாங்கினால் ஒன்றரை நாட்சம்பளம்.

இனி, இந்த ஊரில் அடிக்கடி சண்டை வரும் இடம். கடை, அலுவலக ஊழியருக்கான சட்டரீதியான விடுமுறைகள் எட்டு: தைப்பொங்கல், மீலாதுன் நபி, சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முந்திய நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் போயாவுக்கு மறுநாள், நத்தார். இதில் தீபாவளி இல்லை. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் இல்லை. சிவராத்திரியும் இல்லை. வங்கியும் பாடசாலையும் மூடியிருக்கும் தீபாவளியன்று உங்கள் தனியார் நிறுவனம் திறந்திருந்தால் அது சட்ட மீறல் ஆகாது. சட்டம் இங்கே உங்களைக் கைவிட்டுவிடுகிறது. மீதியை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மூன்று சமூகமும் கலந்து வேலை செய்யும் இடம் என்பதால் இதற்கு எளிய வழி இருக்கிறது. ஜனவரியிலேயே ஒரு பெரிய நாட்காட்டியை விரித்து எல்லோரையும் கூப்பிட்டு, யாருக்கு எந்த நாள் கட்டாயம் வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். நான் இதை முதன்முறை செய்த வருடம், சலவைப் பகுதியில் வேலை செய்த பத்மா அக்கா (இது நான் வைத்த பெயர்) சிவராத்திரிக்கு மறுநாளைக் குறித்தார். “இரவு முழுதும் கோணேசர் கோயிலில் விழித்திருப்பேன், மறுநாள் இஸ்திரி போட்டால் தூக்கத்தில் சேலையெல்லாம் எரித்துவிடுவேன்,” என்றார். அவருடைய இஸ்திரி மேசையை அன்றைக்குப் பார்த்தவர் வரவேற்பு மேசைச் சிங்களத் தம்பி. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய நாள் அவன் பஸ் பிடிக்க அக்கா அவனுடைய மாலை நேரத்தை ஏற்றார். நோன்பு மாதத்தில் மாலை முறை மாற்றத்தைப் பதினைந்து நிமிடம் முன்பின்னாக்கினால் நோன்பு திறக்க நேரம் கிடைத்துவிடும். அதற்குச் சுற்றறிக்கைகூடத் தேவையில்லை.

சீசன் முடியும்போது

இங்கே கடல் ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரைதான் அடங்கியிருக்கும். உப்புவெளி, நிலாவெளி விடுதிகளும் புறாமலைப் படகுகளும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அறைகள் காலியாகும், உடனே ஆட்குறைப்புப் பட்டியல் உங்கள் மேசைக்கு வரும்.

நிறுத்துவதற்கு முன்னர் இரண்டு எண்களைப் பாருங்கள். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க வேலை முடிவுறுத்தல் சட்டம் 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் இடங்களில், முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதைத் தடுக்கிறது. ஊழியரின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். இதனால்தான் 179ஆம் நாள் நிறுத்திவிட்டு ஒரு வாரத்தில் புதுக் கடிதத்தோடு மீண்டும் எடுக்கும் வித்தை பிறந்தது. அந்த வித்தைக்கு உங்களிடம் கடிதம் கேட்டால் தொழில் அலுவலகத்தின் அபிப்பிராயத்தை எழுத்தில் பெற்ற பிறகே தட்டச்சுப் பலகையைத் தொடுங்கள்.

பருவகால வேலைதான் என்றால் அதைச் சேரும்போதே சொல்லுங்கள்: இந்தத் திகதியிலிருந்து இந்தத் திகதி வரை, அடுத்த சீசனில் முன்னுரிமை உண்டு அல்லது இல்லை. மீன்பிடிக்கோ வயலுக்கோ வேறு வேலைக்கோ அந்தக் குடும்பம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளும். ஒக்டோபர் முதலாம் திகதி காலையில் சொல்வதுதான் குரூரம். சீசன் மந்தமான மாதங்களில் மிஞ்சியிருக்கும் வருடாந்த லீவை எடுக்கச் செய்தல், நிறமடித்தல், பயிற்சி என்று சில மாற்று வழிகள் இருக்கின்றன. ஆட்குறைப்புப் பட்டியலுக்குப் பதிலாக அந்த வழிகளின் செலவைக் கணக்கிட்டு ஒரு பக்கத்தில் முகாமையாளரிடம் கொடுங்கள். எல்லா நேரமும் ஏற்க மாட்டார்கள். எனக்கு மூன்றில் ஒரு முறை ஏற்றார்கள்.

முறைப்பாடு வந்தால்

ஊர் சின்னது. காலையில் உங்கள் அறைக்குள் ஒருவர் அழுதுகொண்டு வந்தால், மதியத்துக்குள் உட்துறைமுக வீதியில் தேநீர்க் கடையில் அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆகவே முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்: கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் இருந்து முறைப்பாடு கேட்காதீர்கள். சொல்கிறவரின் வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டி, திருத்தி, கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். ஒரு பிரதியை அவரிடமே கொடுங்கள். முறைப்பாட்டையோ மருத்துவ அறிக்கையையோ முகாமையாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அது வராவிட்டாலும் போடக் கூடாது.

பாலியல் தொந்தரவு பற்றிய முறைப்பாட்டை “பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்ப உங்களுக்கு அதிகாரமே இல்லை. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் அது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேலைத்தளத்தில் அதிகாரத்தில் இருப்பவரின் விரும்பத்தகாத வார்த்தையும் அதில் அடங்கும். பொலிசுக்குப் போவதா என்பதை அந்தப் பெண் முடிவெடுக்கட்டும். போக வேண்டாம் என்று நீங்களும் சொல்லாதீர்கள், வீட்டுக்காரருக்குத் தகவல் கொடுப்போம் என்றும் மிரட்டாதீர்கள். விசாரணை முடியும்வரை இருவரையும் பிரிக்க வேண்டி வந்தால், இடம் மாற வேண்டியவர் முறைப்பாடு செய்தவராக இருக்கக் கூடாது. வழக்கமாக நடப்பது நேர்மாறாகத்தான்.

ஒழுக்காற்று விசாரணைக்கு ஒழுங்கு ஒன்றுதான்: விளக்கம் கோரும் கடிதம், பதில் எழுதப் போதிய நாள், குற்றப்பத்திரம், விசாரணை, முடிவு. குற்றம் சாட்டியவர் விசாரிக்கக் கூடாது. ஊழியருக்குத் தெரிந்த மொழியில் நடக்க வேண்டும்; சிங்களம் மட்டும் பேசும் விசாரணை அலுவலர் வந்தால் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பதிவில் அவர் பெயரையும் எழுதுங்கள். முடிவை முன்னரே தட்டச்சு செய்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவதை நான் பார்த்திருக்கிறேன். தேநீர் இடைவேளையில் அந்தத் தாள் அச்சு இயந்திரத்தில் கிடந்தது. அதை முதலில் பார்த்தவர் குற்றம் சாட்டப்பட்டவரின் நண்பர்.

முதலாளியிடம் “முடியாது” என்று சொல்வது எப்படி

இதுதான் வேலையின் கடினமான பகுதி. பல்கலைக்கழகத்தில் யாரும் பயிற்சி தரவில்லை. உங்களுக்குச் சம்பளம் தருவது நிறுவனம். ஊழியர்கள் உங்களை நிர்வாகத்தின் ஆள் என்பார்கள். நிர்வாகம் உங்களைத் தொழிற்சங்கத்தின் ஆள் என்று சந்தேகிக்கும். இரு பக்கமும் கொஞ்சம் சந்தேகப்பட்டால் நீங்கள் ஏறக்குறைய சரியான இடத்தில் நிற்கிறீர்கள்.

போன மாதத் திகதியிட்டு ஓர் எச்சரிக்கைக் கடிதம் எழுதித் தரச் சொல்லிக் கேட்டால், அறத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யாதீர்கள். நான் சொல்லிப் பலித்த வார்த்தை இது: “சேர், இன்றைய திகதியில் இப்போதே எழுதித் தருகிறேன். போன மாதத் திகதி போட்டால், நியாயசபையில் அனுப்பிய பதிவேட்டைக் கேட்பார்கள். அதில் அந்த நாளில் வேறு கடிதம் இருக்கிறது.” மாற்றாக ஒன்றைத் தருகிறீர்கள், ஆபத்தைக் காட்டுகிறீர்கள், அவருடைய மரியாதையையும் காப்பாற்றுகிறீர்கள். அறைக்குள் வேறு யாராவது இருந்தால் அப்போது சொல்லாமல் பிறகு தனியே போய்ச் சொல்லுங்கள். அதற்காகவே கடிதப் பதிவேட்டை முதல் நாளிலிருந்து இலக்கமிட்டு, வரி விடாமல் எழுதிவாருங்கள்.

அப்படியும் வற்புறுத்தினால், “இதை எழுத்தில் தாருங்கள் சேர்” என்று கேளுங்கள். பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்காவிட்டால் என்ன நடந்தது என்பதை அன்றே உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள். இன்னொன்று, யாரும் சொல்லித் தராத அறிவுரை: மூன்று மாதச் செலவுக்கான பணத்தை வங்கியில் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒக்டோபரில் அது இருக்கவில்லை.

தனியே இருக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். 1959இல் தொடங்கி 1976இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட பட்டய ஆளணி முகாமைத்துவ நிறுவனத்தின் கற்கைநெறிகளைத் தேடிப் பாருங்கள். சக அலுவலர்கள் நான்கு பேரின் தொலைபேசி இலக்கம் கையில் இருப்பது எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததில்லை.

ஆள் விலகும்போது

விலகுகிறவரின் கடைசி நாளுக்கு ஒரு தாளை வைத்திருங்கள்: மிகுதிச் சம்பளம், எடுக்காத லீவுக்கான கொடுப்பனவு, சேவைச் சான்றிதழ், ஈ.பி.எப். விபரம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்த நிறுவனத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம், 30 நாளுக்குள். நான்கு வருடம் பதினொரு மாதத்தில் ஒருவரை நிறுத்தச் சொல்லிக் கடிதம் கேட்டால், திகதியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்க ஆறு மாத காலம் இருக்கிறது. கேட்டால் அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒருநாள் நீங்களும் விலகுவீர்கள். சாவிகளைக் கொடுக்கும்போது அலுமாரியில், காசுப் பெட்டியில், லாச்சியில் என்னென்ன இருக்கிறது என்று இரண்டு பிரதியில் பட்டியல் எழுதி, வாங்குகிறவருடன் சேர்ந்து ஒவ்வொன்றையும் திறந்து காட்டி, இருவரும் கையொப்பமிடுங்கள். திகதியையும் போடுங்கள்.